லேசுக் காத்து

திரைச்சீலை காய்ந்துகொண்டு வந்தது. அடுத்த படச்சுருள் தொடங்குவதற்குள் அதை இன்னொரு தடவை நனைத்துவிட வேண்டும் என்று ரபீகா வாளிக்குள் கையை விட்டுத் தண்ணீரை அள்ளி அள்ளி விசிறினாள். முன்னால் பாயில் குந்தியிருந்த பிள்ளைகளின் முகத்தில் தூறல் பட்டு ஒரே கூச்சல். ஈரச் சீலையில்தான் பின்பக்கத்து வெளிச்சம் ஊடுருவும். காய்ந்துபோனால் கதாநாயகிக்கு மூக்கும் இராது, முழியும் இராது. மற்றப் பயஸ்கோப்காரர்கள் சனங்களுக்குப் பின்னால் மெஷினை வைத்துக்கொண்டு ராசா மாதிரி நிற்பார்கள். நளீருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவன் காட்டுவது பெண்களுக்கு மட்டுமான காட்சி. ஆம்பிளை ஒருத்தன் பெண்களுக்கு நடுவில் நின்று கைப்பிடி சுற்றினால் அக்குறணை ஊரில் அவன் தலை தோளில் நிற்காது. ஆகையால் சீலைக்கு அந்தப் பக்கம் நளீரும் மெஷினும், இந்தப் பக்கம் அவன் பெண்சாதி ரபீகாவும் ஊர்ப் பெண்களும். படம் பேசாது. பேசுவதெல்லாம் ரபீகா.

அவளும் சும்மா பேச மாட்டாள். படத்தில் நடுநடுவே வரும் இங்கிலிஷ் எழுத்து அவளுக்கும் தெரியாது, நளீருக்கும் தெரியாது. அதனால் என்ன? தொப்பி போட்ட வெள்ளைக்காரி இவள் வாயில் விழுந்ததும் கட்டுகஸ்தோட்டை ஆற்றங்கரை சுலைஹாவாகிவிடுவாள். குதிரையில் வருகிறவன் மாத்தளையிலிருந்து மிளகு வாங்க வந்த வியாபாரியாகிவிடுவான். மீசை முறுக்குகிறவன் எந்த ஊரிலும் மாப்பிள்ளையின் சின்னம்மாவுடைய தம்பிதான். ஒவ்வோர் ஊரிலும் கதை கொஞ்சம் மாறும். மடவளையில் அழுத இடத்தில் அக்குறணையில் சிரிப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

அது பளீல் ஹாஜியாரின் பாக்குக் கிடங்கு. வீட்டோடு ஒட்டியிருந்தது. மகள் பாயிஸாவின் கல்யாணத்துக்கு ஹாஜியார் பயஸ்கோப் பிடித்திருக்கிறார் என்பதே ஊரில் பெரிய பேச்சு. பள்ளிவாசல் முற்றத்தில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். "அவங்கட மகளுக்கும் நாளைக்கி இதையே கேப்பாங்க, பாருங்க," என்று ஹாஜியார் சிரித்தார். கண்டி டவுனில் மின்சாரம் வந்துவிட்ட காலம் அது. அக்குறணைக்கு அது வர இன்னும் எத்தனை மழை பெய்ய வேண்டுமோ தெரியாது. மின்சாரம் இல்லாத ஊரில் படம் காட்ட நளீரிடம் ஒரு வழி இருந்தது. பலகைக்கு அடியில் வைத்துக் கல்லேற்றி அமுக்கிய இரண்டு ரப்பர் பைகள். ஒன்றில் 'லேசுக் காத்து', மற்றதில் 'கனத்த காத்து'. புத்தகம் படித்தவர்கள் கனத்த காத்தை ஒட்சிசன் என்பார்கள், லேசுக் காத்தை ஐதரசன் என்பார்கள். துத்தநாகத் துண்டுகளில் திராவகத்தை ஊற்றினால் குமிழ் குமிழாக வரும். இரண்டையும் குழாயால் கொண்டுவந்து ஒன்றாக எரித்து, அந்தத் தீயை ஒரு சுண்ணாம்புக் கட்டியில் படவிட்டால் நிலவைப் பிடித்துக் கட்டிப்போட்ட மாதிரி ஒரு வெளிச்சம் வரும். அந்த வெளிச்சம்தான் சுலைஹாவை நடக்க வைத்தது.

லேசுக் காத்தைப் பற்றி ரபீகாவுக்கு எல்லாம் தெரியும் என்று சொல்ல முடியாது. இரண்டு விஷயம் தெரியும். கல்யாணம் முடித்த புதிதில் நளீர் கொல்லைப்புறத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினான். ஒரு சின்னப் போத்தலைக் கவிழ்த்துப் பிடித்து அதில் அந்தக் காத்தை நிரப்பி, தள்ளிப்போய் நின்று நெருப்பைக் காட்டினான். போத்தல் வாயில் சத்தமே இல்லாமல் ஒரு நீலம் எரிந்தது. "இது சுத்தம். சாது," என்றான். பிறகு பாதிக்குச் சாதாரணக் காற்றைக் கலந்து மறுபடி காட்டினான். போத்தல் நாய்க்குட்டி மாதிரி 'டப்' என்று குரைத்தது. அவள் துள்ளிப்போய் அவன் தோளைப் பிடித்தாள். "கலந்திட்டா கொரைக்கும். போத்தலுக்குள்ள கொரைச்சா சிரிக்கலாம். ஊட்டுக்குள்ள கொரைச்சா சிரிக்க ஆளிரிக்காது," என்றான். இரண்டாவது விஷயம், அது மேலே போகும். மண்ணெண்ணெய் ஆவி மாதிரித் தரையில் ஊராது. கூரையைத் தேடிப்போய் ஒளிந்துகொள்ளும். வழி இருந்தால் வெளியே போய்விடும். வழி இல்லாவிட்டால் அங்கேயே காத்திருக்கும். மணமும் பெரிதாக இல்லை, மலிவுத் திராவகத்தில் எடுத்தால் மட்டும் கொஞ்சம் வெள்ளைப்பூடு நாறும்.

அன்றைக்குக் காலையில் நளீர் ஹாஜியாரிடம் சொல்லித்தான் இருந்தான். மெஷினுக்குக் கிட்டே நெருப்பு வேண்டாம், கூரையடியில் இருக்கிற காற்றுத் துவாரங்களை மூட வேண்டாம். ஹாஜியார் அதைத் தன் உடன்பிறந்த ராத்தா ஹவ்வா உம்மாவிடம் சொன்னார். கல்யாண வீட்டை நடத்துகிறவள் அவள்தான். நெருப்பு என்றதும் ஹவ்வா உம்மா வீட்டில் எப்போதும் செய்வதைச் செய்தாள். பிள்ளைகள் கைக்கு எட்டாமல், மெஷினுக்கும் எட்டாமல், அரிக்கன் லாம்பைக் கயிற்றில் கட்டி முகட்டு வளை வரைக்கும் ஏற்ற ஏற்பாடு செய்தாள். துவாரத்தை மூட வேண்டாம் என்றது அவளுக்கு நினைவிருந்தது. ஆனால் பின்னேரம் பார்த்தால் பலா மரத்தில் ஊர் இளவட்டங்கள் குரங்கு மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தன, துவாரத்தால் பெண்களைப் பார்க்க. உடனே ஆளை ஏற்றிச் சுற்றிவரத் துவாரமெல்லாம் சீலை அடிக்கச் சொன்னாள். மேலே கல்யாணத்துக்குக் கட்டிய வெள்ளை மேற்கட்டி வேறு முகட்டை மறைத்துப் பந்தல் மாதிரி விரிந்து கிடந்தது. எல்லாம் நல்ல புத்தியோடு செய்த காரியம்தான். நல்ல புத்தியோடு செய்த காரியங்கள் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யாரும் கூட்டிப்பார்க்கவில்லை.

சீலை நனைந்து முடிந்தது. ஹவ்வா உம்மா கயிற்றை இளக்கி லாம்பைக் கீழே இறக்கி, ஊதி அணைத்து, நெருப்புப் பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு கதிரையில் சாய்ந்தாள். இருட்டுக்குள் பெண்கள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு அடங்கினார்கள். திரையில் ஆறு ஓடியது. சுலைஹா ஆற்றைக் கடக்கக் காலை வைத்தாள்.

"பாருங்க, தண்ணி எப்பிடி வருதெண்டு! மேல மழ பெய்ஞ்சது இவளுக்குத் தெரியா. கொண்ட ஊட்டுக்காரி அனுப்பீக்கிறா, போய் மருந்து வாங்கிட்டு வா எண்டு…"

"அல்லாவே, மாமியார்மார் எங்கயும் ஒண்டுதான்," என்று ஒரு கிழவி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். முன்வரிசையில் தோழிகளுக்கு நடுவே இருந்த பாயிஸா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நாளை மறுநாள் அவளும் ஒரு மாமியார் வீட்டுக்குப் போகிறவள்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் ரபீகாவுக்கு அந்த மணம் எட்டியது. வெள்ளைப்பூடு. பக்கத்தில் கல்யாணச் சமையல் நடக்கிறது, மூட்டைக் கணக்கில் பூடு உரிக்கிறார்கள், அதுதான் என்று முதலில் நினைத்தாள். ஆனால் சமையல் பூடு நாக்கில் எச்சில் ஊற வைக்கும். இது தொண்டையில் புளித்தது. அவள் கதையை நிறுத்தாமல் திரைக்குப் பக்கமாக ஒதுங்கினாள். நளீர் சில நேரம் சீலைக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரலில், "இப்ப குதிர வரும்," "இப்ப கடிதம் கிழிப்பான்," என்று சொல்லிக்கொடுப்பான். அந்தக் குரல் வந்தது. ஆனால் அது குதிரையைப் பற்றி இல்லை.

"ரபீகா. கதைய நிறுத்தாத. கேளு. லேசுக் காத்துப் பைட ஒட்டு உட்டிட்டு. பாதிக்கு மேல எறங்கீக்கி. எரிஞ்சு எறங்கேல்ல, ஒழுகீக்கி."

அவள், "தண்ணி முழங்கால் வரைக்கும் வந்திட்டு," என்றாள் பெண்களைப் பார்த்து.

"மேல பாரு. வெளிச்சக் கீறு ஒண்டும் இல்ல. ஆரோ தொவாரத்த மூடீக்கிறாங்க. எல்லாம் மேலதான் நிக்கிது. விளக்க ஏத்த வுடாத. ஒருத்தரையும் பயங்காட்டவும் வேணாம். வெளிய அனுப்பு."

ரபீகா மேலே பார்த்தாள். இருட்டுக்குள் மேற்கட்டியின் வெள்ளை மங்கலாகத் தெரிந்தது. வெள்ளைக்கு நடுவே கயிறு போகிற ஓட்டை. அந்த ஓட்டைக்கு நேர் கீழே ஹவ்வா உம்மாவின் கதிரை, அவள் காலடியில் லாம்பு, அவள் இடுப்பில் நெருப்புப் பெட்டி. படம் ஓடும் வரைக்கும் இந்த இருட்டு இருக்கும். படம் நின்ற அடுத்த மூச்சில் ஹவ்வா உம்மா குச்சியைக் கீறி, லாம்பை ஏற்றி, அதை நேரே அந்த ஓட்டைக்குள் கொண்டுபோய் விடுவாள். அப்படியானால் படம் நிற்கக் கூடாது. ஆனால் படத்தை ஓட்டுவதும் நெருப்புத்தானே? ஒரு நெருப்பு எரிவதால்தான் மற்ற நெருப்பு வராமல் இருக்கிறது.

அவனை அங்கிருந்து எழுந்து ஓடச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. எப்படிக் கேட்பது? நூறு காதுகள் கேட்டுக்கொண்டிருக்கின்றன. அவள் குரலை உயர்த்தினாள். "அக்கரைல நிக்கிற மனிசனப் பாத்து சுலைஹா கேக்கிறா: நான் தப்பிப் போவன், நீங்க என்ன செய்வீங்க? நீங்களும் வாங்களன்!"

சீலைக்குப் பின்னால் கைப்பிடி ஒரே சீராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"நான் பைய அமுக்கிற பலகைல குந்தீக்கிறன்," என்றான் நளீர். "கல்லுப் பாரம் மட்டும் காணாது. எழும்பினா காத்து பின்னுக்கு இழுக்கும், நெருப்பு குழாயால பைக்குள்ள போகும். எல்லாரும் போகுமட்டும் நான் எழும்ப ஏலாது."

"அந்த மனிசன் செல்லுறான்," என்றாள் ரபீகா, குரல் உடைந்துபோய், "நீ முதல்ல போ, நான் பொறகு வாரன் எண்டு." முன்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். கதை நன்றாகப் போகிறது என்று அவர்கள் நினைத்தார்கள்.

வாசல்ப் பக்கத்துப் பெரிய கதவு சீலைக்குப் பின்னால், நளீரின் பக்கம்; பெண்கள் போக இருப்பது ஒரே ஒரு கதவு. வீட்டுக்குள் போகிற கதவு. அதற்கு முழங்கால் உயரப் படி. கைக்குழந்தைகள், கிழவிகள், நிறைமாதக்காரி ஒருத்தி. 'நெருப்பு' என்று ஒரு வாய் திறந்தால் அந்தப் படியிலேயே பாதிப்பேர் மிதிபட்டுச் சாவார்கள். மெஷின் கெட்டுவிட்டது என்றால் ஒருவரும் எழும்ப மாட்டார்கள், "சரிக்கட்டு மகள், நாங்க இரிக்கிறோம்" என்று வெற்றிலைப் பெட்டியைத் திறப்பார்கள். கல்யாண வீட்டில் பெண்களைச் சிரித்த முகத்தோடு, வேகமாக, பாயை விட்டு எழுப்பக்கூடிய சொல் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதைப் பொய்யாகச் சொல்வது எவ்வளவு பெரிய பிழை என்றும் அவளுக்குத் தெரியும். சொன்னாள்.

"மாமி!" என்றாள் ஹவ்வா உம்மாவைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி. "வாசல்ப் பக்கம் கார் வந்து நிக்கிதாம். இவர் செல்லுறார். மாப்பிள வீட்டாராம், கூறப் புடவத் தட்டோட!"

உடனே கிடங்கு முழுக்க ஒரு கலகலப்பு. "நாளைக்கெண்டுதானே செல்லியிருந்தாங்க!" "பொண்ணு இந்தக் கோலத்தில ஈக்கிறாளே!" "எழும்பு, எழும்பு, தலைய இழுத்து மூடு!" தோழிகள் பாயிஸாவைக் கையில் தூக்காத குறையாக இழுத்துக்கொண்டு போனார்கள். புதுத் தட்டைப் பார்க்கும் ஆசையில் கிழவிகளுக்குக்கூட முழங்கால் வலி மறந்துபோயிற்று. கதவடியில் நெருக்கம் வந்தது. ரபீகா ஓடிப்போய்ப் படியில் நின்று ஒவ்வொருவராகக் கையைக் கொடுத்து ஏற்றிவிட்டாள். "மெல்ல மெல்ல. தட்டு ஓடிறாது. புள்ளைய என்னட்டத் தாங்க." பற்கள் தெரியச் சிரித்துக்கொண்டேயிருந்தாள். திரையில் சுலைஹா இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். பார்க்கத்தான் ஆள் இல்லை. பையில் காத்து இறங்க இறங்க அவள் முகம் வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கு மாறிக்கொண்டு வந்தது.

"இந்த இருட்டில புள்ளைகள் விழப் போகுது," என்றாள் ஹவ்வா உம்மா. அவள் எழும்பவில்லை. வீட்டை நடத்துகிறவள் கடைசியாகத்தான் போவாள். குனிந்து லாம்பின் கண்ணாடியைத் தூக்கினாள். இடுப்பிலிருந்து பெட்டியை எடுத்தாள்.

ரபீகா பாயைத் தாண்டி எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஹவ்வா உம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். கூலிக்குக் கதை சொல்ல வந்தவள், ஹாஜியாரின் ராத்தாவின் கையை முறுக்கிப் பெட்டியைப் பிடுங்கினாள். பிடுங்கிய கையோடு அதைத் தண்ணீர் வாளிக்குள் போட்டு அமுக்கினாள்.

"என்ன மகள் இது! பைத்தியமா ஒனக்கு?"

"காலப் புடிக்கிறன் மாமி. இப்ப ஒண்டும் கேக்காதீங்க. எழும்பிப் போங்க."

ஹவ்வா உம்மா அவளையே பார்த்தாள். அந்த மங்கல் மஞ்சளில் ரபீகாவின் முகத்தில் என்னத்தைக் கண்டாளோ, எழுந்து, முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு போனாள். படியில் அவளுக்கு யாரும் கை கொடுக்கவில்லை.

சுருள் முடிந்து அதன் வால் படபடவென்று அடித்தது. திரையில் வெறும் வெளிச்சம். அது சிவந்து, சுருங்கி, ஒரு காசளவாகி, இல்லாமல் போனது. குழாய்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டப்படும் சத்தம் கேட்டது. முதலில் கனத்த காத்து, பிறகு லேசுக் காத்து. அந்த ஒழுங்கு மாறாமல் அவன் பூட்டினான் என்பதை அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ரபீகா? நீ இன்னம் போகேல்லயா?" அவன் குரலில் கோபம்.

"இல்ல."

"போகச் சென்னேன்தானே!"

"நீங்க வந்தீங்களா நான் போக?"

அவன் ஈரத் திரையின் ஒரு நுனியைக் கிழித்து, வாசல்ப் பக்கத்துப் பெரிய கதவின் இரும்புத் தாழ்ப்பாளில் சுற்றினான். இரும்பில் இரும்பு உரசினாலும் போதும், பொறி பறக்க. குழந்தையைத் தொட்டிலில் கிடத்துகிற மாதிரி அந்தத் தாழ்ப்பாளை இழுத்து இறக்கினான். கதவு திறந்ததும் மழை ஈரத்தோடு பின்னேரத்து வெளிச்சம் உள்ளே விழுந்தது. அப்போதுதான் அவள் அவனைப் பார்த்தாள். சட்டை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. கைப்பிடி சுற்றிய வலக்கை விரல்கள் விரிய மாட்டாமல் மடங்கியே இருந்தன.

வாசலில் ஆண்கள் கூடிவிட்டார்கள். தெருவில் கார் இல்லை. தட்டும் இல்லை. பிங்கா ஓயா ஆற்றுப் பக்கமிருந்து ஒரு மாட்டு வண்டி மட்டும் வந்துகொண்டிருந்தது. வீட்டுக்குள்ளிருந்து முணுமுணுப்பு எழுந்தது. வராத மாப்பிள்ளை வீட்டாரை வந்ததாகச் சொன்னது யார்? கல்யாண வீட்டில் இப்படி ஒரு வாய் விழலாமா? பாயிஸாவின் உம்மா அழத் தொடங்கிவிட்டாள் என்று யாரோ வந்து சொன்னார்கள்.

நளீர் ஹாஜியாரிடம் எல்லாவற்றையும் சொன்னான். பையின் ஒட்டு, துவாரச் சீலை, லாம்பு. ஹாஜியார் கேட்டுக்கொண்டு கிடங்குக்குள் எட்டிப் பார்த்தார். பாய்கள், வெற்றிலைத் தட்டு, ஒற்றைச் செருப்பு, அமைதியாகத் தொங்கும் வெள்ளை மேற்கட்டி. மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்.

"எங்க தம்பி நெருப்பு?"

"நெருப்பு இல்ல ஹாஜியார். புடிச்சிருந்தா…"

"புடிக்கல்லயே." ஹாஜியாரின் முகம் இறுகியது. பள்ளிவாசல் முற்றத்தில் முகம் திருப்பிய ஆட்களில் இரண்டு பேர் தெருவோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம் பெண்களை நாமே கொண்டுபோய் வெடிகுண்டுக்குக் கீழே இருத்தினோம் என்று அவர் எப்படி ஒத்துக்கொள்வார்? "ஒங்கட மெஷின் கெட்டுப் போச்சி. அத மறைக்க ஒங்கட பொஞ்சாதி எங்கட ஊட்டு மானத்த வாங்கீக்கிறா. நாளைக்கி மடவளையும் திகனையும் இதத்தான் பேசும்."

மடவளையும் திகனையும்தான் அவர்கள் அடுத்துப் போக வேண்டிய இடங்கள். கல்யாண வீட்டில் கெட்ட வாய் விட்டவள் என்ற பெயர் ரபீகாவுக்கு விழுந்துவிட்டால் எந்தக் கதவும் திறக்காது. பெண்கள் காட்சி என்பது அவள் நாக்கை நம்பித்தான் இருந்தது.

நளீர் பாக்குப் பறிக்கிற நீளத் தடி ஒன்றை எடுத்தான். துவாரத்துச் சீலைகளைக் குத்தி இறக்கப் போகிறான் என்று அவளுக்குப் புரிந்தது. அவளுக்கு நெஞ்சு எரிந்தது. கிட்டப் போய், அவனுக்கு மட்டும் கேட்கச் சொன்னாள்: "அத வுடுங்க. அப்பிடியே இரிக்கட்டும். விளக்க அவங்களே ஏத்திப் பாக்கட்டுமே. அப்ப தெரியும் ஆரு பொய் சென்னதெண்டு."

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். கோபமாக இல்லை. அவளுக்கு அதுவே வெட்கமாக இருந்தது.

"அந்தச் சுவருக்கு அங்காலதானே எல்லாரும் ஈக்கிறாங்க," என்றான். "நீ இப்பதான் கையக் குடுத்து ஏத்திவிட்ட."

பிறகு ஒவ்வொரு துவாரமாகச் சீலையை இறக்கினான். பலா மரத்து இலைகளும் அதற்கு மேலே மழை மேகமும் துண்டு துண்டாகத் தெரிந்தன. தன் சாட்சியான அந்தக் காத்தைத் தானே வெளியே துரத்துகிற மனுசனை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். மேற்கட்டியையும் அவிழ்க்க வேண்டும் என்று அவன் சொன்னபோது ஹாஜியார் கையை உயர்த்திவிட்டார். கல்யாணத்துக்குக் கட்டிய வெள்ளையைக் கல்யாணத்துக்கு முன் அவிழ்ப்பதா? இன்றைக்கு நடந்த அபசகுனம் போதாதா? மஃரிபு தொழுகைக்குப் போய் வரும் வரைக்குமாவது விளக்கை ஏற்றாமல் இருக்கும்படி நளீர் கெஞ்சினான். அது மட்டும் நடந்தது, அதுவும் பாங்கு சொல்லிவிட்டதால்.

ஆண்கள் பள்ளிக்குப் போனார்கள். ரபீகா திரையைச் சுருட்டினாள். உள்கதவுச் சீலை விலகி ஒரு மருதாணிக் கை தெரிந்தது. பாயிஸா.

"ராத்தா," என்றாள் மெல்லிய குரலில். "அந்தப் புள்ளைக்கு என்ன நடந்த? ஆத்துல நிண்டாளே."

இவ்வளவு பேரில் ஒருத்தியாவது திட்டாமல் கேட்கிறாளே என்று ரபீகாவுக்கு அழுகை வந்தது. "தப்பிட்டா," என்றாள்.

"அக்கரைல நிண்டவரு?"

"அவரும்."

பாயிஸா நம்பினாளோ என்னவோ, சீலைக்குப் பின்னால் அப்படியே நின்றாள். அவளுக்குப் பின்னால் ஹவ்வா உம்மாவும் வந்து நின்றதை ரபீகா கவனித்தாள். ஹவ்வா உம்மா வாளியில் ஊறி உப்பிக் கிடந்த நெருப்புப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கையால் மற்றக் கையின் மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தாள்.

தொழுது முடித்து வந்த ஹாஜியார் வேறு பெட்டி கொண்டுவரச் சொன்னார். கூட வந்தவர்களையும் வாசலில் நிற்கச் சொன்னார். "எல்லாரும் பாத்துக்கங்க," என்றார். லாம்பைக் கொளுத்தினார். கண்ணாடியை இறக்கினார். நளீர் ரபீகாவின் முன்னால் வந்து நின்றுகொண்டான், அவளுக்குக் கிடங்கின் உட்புறம் பாதி மறைந்தது. ஹாஜியார் தானே கயிற்றைப் பிடித்து இழுத்தார். கப்பி கிறீச்சிட்டது. வெளிச்சம் பாய்களை விட்டு, சுவரை விட்டு, மெதுவாக மேலே போனது. எதற்குத் துஆக் கேட்பது என்று ரபீகாவுக்குத் தெரியவில்லை. ஒன்றும் நடக்கக் கூடாது என்று கேட்டால் அவள் பொய்க்காரி. நடக்க வேண்டும் என்று கேட்க வாய் வரவில்லை. நளீரின் முதுகுச் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

லாம்பு வெள்ளைக்கு நடுவே இருந்த ஓட்டைக்குள் பாதி நுழைந்து நின்றது. மேற்கட்டி முழுக்க உள்ளிருந்து வெளிச்சமாகிவிட்டது. அழகாக இருந்தது என்றுகூடச் சொல்லலாம். விளக்கு ஆடாமல், அசையாமல், சாதுவாக எரிந்தது. எல்லாருடைய கண்ணும் விளக்கிலிருந்து இறங்கி நளீரின் மேல் வந்து நின்றது. ஹாஜியார் கயிற்றை ஆணியில் சுற்றிக் கட்டிவிட்டு, கையைத் தட்டித் துடைத்தார்.

அப்போது மேலே, முகட்டு வளைக்கும் கூரைத் தகரத்துக்கும் இடையில் எங்கோ ஒரு மூலையில், 'டப்' என்றது. சின்னச் சத்தம். வெள்ளைச் சீலையின் அந்த மூலை ஒருமுறை உப்பி, மூச்சு விட்டதுபோல் அடங்கியது.

"தகரம் ஆறுது," என்றார் வாசலில் நின்ற ஒருவர்.

"ஓ, மழ விட்டா அப்பிடித்தான்," என்றார் ஹாஜியார்.

நளீர் திரும்பவில்லை. ரபீகா உள்கதவைப் பார்த்தாள். சீலைக்குப் பின்னாலிருந்து ஹவ்வா உம்மாவின் கை நீண்டு, பாயிஸாவின் தோளைப் பற்றி, அவளைப் படிக்கு மேலே, வீட்டுக்குள்ளே, பின்னுக்குப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு போனது.